நீங்க மட்டும் ஒழுங்கா?

வீட்டில், ஆபீஸில், தெருவில் எத்தனையோ சண்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு வசனம் தவறாமல் வரும். வந்ததும் சண்டை முடிந்துவிடும்.

'நீங்க மட்டும் ஒழுங்கா?'

அவ்வளவுதான். கேள்வி கேட்டவர் வாயடைத்துப் போவார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். முதலில் கேட்ட கேள்வி என்ன என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும்.

இந்த வசனத்தைச் சொல்லி நானும் ஒருமுறை ஜெயித்திருக்கிறேன். அந்த வெற்றியை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு டெல்லிக்குப் போகலாம்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் இருபத்துநாலு வீடுகள். கேட்டிலிருந்து பார்க்கிங் வரை உள்ள பாதை குண்டும் குழியுமாகக் கிடந்தது. சிமென்ட் போடுவதற்காக வீட்டுக்கு 2,500 ரூபாய் வசூலித்தார்கள். வேலை ஆரம்பித்தது, பாதி வழியில் நின்றது. விசாரித்தால், போர்வெல் மோட்டார் எரிந்துபோய், மீதிப் பணம் அதற்குப் போய்விட்டதாம். மோட்டார் எரிந்தது நிஜம். தண்ணீர் இல்லாமல் யாரும் இருக்க முடியாது என்பதும் நிஜம். ஆனால் செகரட்டரி யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

பொதுக்குழுவில் எழுந்து நின்று கேட்டேன். ''ரோட்டுக்குன்னு வாங்கின பணத்தை ரோட்டுக்குத்தானே சார் செலவு பண்ணணும்?''

நல்ல கைதட்டல். 'இவ்வளவு பேசறவரு நீங்களே பாருங்களேன்' என்று அடுத்த வருடம் என்னையே செகரட்டரி ஆக்கிவிட்டார்கள்.

என் ஆட்சியில் மொட்டை மாடி ஒழுகலுக்காக வீட்டுக்கு 3,000 ரூபாய் வசூலித்தோம். வசூல் முடிந்த வாரம் லிஃப்ட் நின்றுபோனது. மாடியில் முழங்கால் வலிக்காரர்கள் இருக்கிறார்கள், ஒரு கர்ப்பிணிப் பெண் இருக்கிறாள். மொட்டை மாடிப் பணத்தை எடுத்து லிஃப்ட்டைச் சரிபண்ணினேன். 'அப்புறம் அதுல போட்டுடலாம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த பொதுக்குழுவில் பழைய செகரட்டரி எழுந்தார். கையில் மினிட்ஸ் நோட்டு. போன வருடம் நான் பேசியதைப் பிரித்துவைத்து அப்படியே வாசித்தார். 'ரோட்டுக்கு' என்ற இடத்தில் மட்டும் 'மொட்டை மாடிக்கு' என்று மாற்றிக்கொண்டார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ''இதைக் கேக்கற தகுதி உங்களுக்கு இருக்கா சார்? நீங்க மட்டும் ஒழுங்கா?'' என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

ஐப்பசி மழை வந்தது. மேல் மாடியில் தனியாக இருக்கும் பாட்டியின் வீட்டுக் கூரை ஒழுகியது. போய்ப் பார்த்தேன். கட்டில்மேல் பிளாஸ்டிக் ஷீட். தரையில் எவர்சில்வர் வாளி, அதில் சொட்டு விழும் சத்தம். பாட்டி என்னைத் திட்டவில்லை. ''நானும் பணம் கட்டினேனே தம்பி'' என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கூட்டத்தில் ஜெயித்தது நான். தோற்றது பழைய செகரட்டரி. நனைந்தது எங்கள் இருவரில் யாரும் இல்லை.

சரி, இப்போது டெல்லி.

பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி நீங்கள் கொடுக்கிற பணத்தில் சாலைக்காக ஒரு பங்கு போகிறது. இது புது விஷயம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில், ஜெயகர் கமிட்டி சிபாரிசு செய்து, 1929-லேயே பெட்ரோல் வரியிலிருந்து சாலை நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1998 பட்ஜெட்டில் பெட்ரோலுக்கும், 1999-ல் டீசலுக்கும் லிட்டருக்கு ஒரு ரூபாய் சாலைக்கென்று போட்டார்கள். 2000-ல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. டீசலில் வசூலாவதில் பாதி கிராமத்துச் சாலைகளுக்கு என்றது அந்தச் சட்டம். பின்னால் வரியும் ஏறியது. 2018-ல் 'சாலை மற்றும் உள்கட்டமைப்பு' என்று பெயரும் நீண்டது.

இப்படி ஒரு காரியத்தைச் சொல்லி வாங்குகிற வரிக்கு 'செஸ்' என்று பெயர். சாதாரண மத்திய வரியில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. செஸ்ஸில் அந்தப் பங்கு கிடையாது. 'இது அந்த வேலைக்கென்றே வாங்கிய பணம், அதனால் பிரிக்க முடியாது' என்பது நியாயம். அப்படியானால் பணம் அந்த வேலைக்குப் போயே ஆகவேண்டும், இல்லையா? மொட்டை மாடி வசூல் மாதிரி.

2020 செப்டம்பரில் மத்திய தணிக்கைத் துறை, அதாவது சி.ஏ.ஜி., நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வைத்தது. 2018-19-ம் ஆண்டில் 35 விதமான செஸ் மற்றும் கட்டணங்கள் மூலம் வந்தது 2,74,592 கோடி ரூபாய். அவற்றுக்கென்று உள்ள தனி நிதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது 1,64,322 கோடி. மீதி அரசாங்கத்தின் பொதுக் கல்லாவிலேயே இருந்துவிட்டது. சாலை செஸ்ஸில் மட்டும் போய்ச் சேராதது 10,157 கோடி. யாரும் வீட்டுக்கு எடுத்துப் போனதாக அறிக்கை சொல்லவில்லை. நான் மட்டும் என்ன, வீட்டுக்கா எடுத்துப் போனேன்? லிஃப்ட்டுக்குத்தான் போட்டேன்!

இந்தக் கதையில் நீங்கள் யார் என்று புரிகிறதா? செகரட்டரி இல்லை. பழைய செகரட்டரியும் இல்லை. நீங்கள் மேல் மாடிப் பாட்டி. பணம் கட்டியவர். கூட்டத்தில் பேச இடம் இல்லாதவர்.

உங்களுக்காகப் பேச வேண்டியது யார்? நாடாளுமன்றத்தில் அந்த வேலைக்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. எதிர்க்கட்சி. அவர்கள் கையில் ஓர் அருமையான ஆயுதமும் இருக்கிறது. அதன் விலை நூறு ரூபாய்.

ஒவ்வொரு துறையும் 'இவ்வளவு பணம் வேண்டும்' என்று மானியக் கோரிக்கை வைக்கும். உறுப்பினர்கள் அதன்மேல் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். அதில் மூன்று வகை. 'உங்கள் கொள்கையே தப்பு' என்றால், மொத்தத் தொகையையும் ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். 'சிக்கனம் வேண்டும்' என்றால் இவ்வளவு குறையுங்கள் என்று ஒரு தொகையைச் சொல்லலாம். மூன்றாவது அடையாள வெட்டு. 'இந்தக் கோரிக்கையில் நூறு ரூபாய் குறைக்க வேண்டும்' என்பது அதன் வாசகம். லட்சம் கோடியில் நூறு ரூபாய்! அந்த நூறு ரூபாய் ஒரு சாக்கு. அதை வைத்துக்கொண்டு, 'எங்கள் தொகுதிப் பாலம் ஏன் பாதியில் நிற்கிறது' என்று குறிப்பாக ஒரு குறையைச் சொல்லலாம். தீர்மானம் தோற்றுவிடும், அது எல்லோருக்கும் தெரியும். ஜெயித்தால் அரசாங்கமே ஆட்டம் கண்டுவிடும். அதனால் ஆளுங்கட்சி ஜெயிக்க விடாது. ஆனாலும் கேள்வி பதிவாகும். அமைச்சர் பதில் சொல்ல வேண்டிவரும்.

தோற்கப்போவது தெரிந்தும் கேட்கச் சொல்லி விதிப் புத்தகத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது.

நீங்கள் இப்போது என்ன முணுமுணுக்கிறீர்கள் என்று எனக்குக் கேட்கிறது. 'அட போங்க சார், எல்லாரும் ஒண்ணுதான். இன்னிக்கு கேக்கறவன் நேத்து என்ன பண்ணினான்?'

நியாயமான முணுமுணுப்புதான். 2010-ல் காங்கிரஸ் கூட்டணி அரசு பெட்ரோல், டீசல் வரியை ஏற்றியபோது பி.ஜே.பி.யும் இடதுசாரிகளும் வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஏப்ரல் 27 அன்று ஓட்டெடுப்பு. 289-க்கு 201 என்று தீர்மானம் தோற்றது. அடுத்து ஆட்சி மாறியது. கச்சா எண்ணெய் விலை சரிந்துகொண்டிருந்த நேரம். 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள் பி.ஜே.பி. அரசு பெட்ரோல், டீசல் வரியை ஒன்பது முறை ஏற்றியது. இப்போது 'ஏழை வயிற்றில் அடிக்கிறீர்களே' என்று கேட்டது காங்கிரஸ். நாற்காலி மாறியதும் வசனமும் மாறிவிட்டது.

ஆகவே இரண்டு பேரும் வேஷக்காரர்கள் என்று முடிவு செய்து டி.வி.யை அணைத்துவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் அணைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம். இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன. ஒன்று, 'கேட்பவர் யோக்கியர் இல்லை.' இரண்டு, 'கேள்வியில் அர்த்தம் இல்லை.' முதலாவது உண்மையாக இருந்தால் இரண்டாவதும் உண்மை ஆகிவிடுமா?

10,157 கோடி என்ற எண்ணை ஒரு மகான் வாசித்தாலும் 10,157 கோடிதான். ஒரு திருடன் வாசித்தாலும் அதில் ஒரு ரூபாய் குறையாது. பழைய செகரட்டரியின் யோக்கியதை எப்படி இருந்தாலும், மொட்டை மாடிக்குப் பணம் இல்லை என்பது இல்லைதான். வசனம் பேசி நான் அவர் வாயைத்தான் அடைத்தேன். ஓட்டையை அடைக்கவில்லை.

இன்னொரு உதாரணம் பாருங்கள். 2023 ஆகஸ்டில் வந்த சி.ஏ.ஜி. அறிக்கையில் டெல்லியையும் குருகிராமையும் இணைக்கும் துவாரகா எக்ஸ்பிரஸ்வே பற்றி ஒரு கணக்கு இருந்தது. அந்த வகைச் சாலைக்கு அமைச்சரவைக் குழு அனுமதித்தது கிலோமீட்டருக்குச் சராசரியாக 18.20 கோடி. இந்தச் சாலைக்கு அனுமதித்தது கிலோமீட்டருக்கு 250.77 கோடி. எதிர்க்கட்சிகள் 'ஊழல்' என்று கொதித்தன. சாதாரணச் சாலையின் சராசரியை, எட்டு வழி உயர்மட்டச் சாலையோடு ஒப்பிடக் கூடாது, டெண்டரில் செலவு குறைந்திருக்கிறது என்றது அரசுத் தரப்பு. அந்தப் பதிலிலும் விஷயம் இருக்கிறது. இட்லிக் கடையையும் கல்யாண மண்டபத்தையும் ஒரே விலைப்பட்டியலில் போட முடியாதுதான்.

ஆனால் சி.ஏ.ஜி. கேட்டது இன்னொன்று. தினம் சராசரியாக 55,432 வாகனங்கள் போகிற இடத்துக்கு எட்டு வழி உயர்மட்டச் சாலை எதற்கு என்று கோப்பில் காரணமே எழுதவில்லையே? இதுதான் பாட்டி கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தெருமுனையிலும் டி.வி.யிலும் நான் கேட்டது என்னவோ, 'ஊழல்', 'உங்க காலத்து ஊழல் தெரியாதா' என்ற இரண்டு கூச்சல்கள்தான். ஒரு கூச்சல் இன்னொரு கூச்சலைத் தின்றுவிட்டது. நடுவில் கேள்வி அநாதையாக நின்றது.

அப்படியானால் வேஷம் போடுகிற எதிர்க்கட்சிக்காரரை மன்னித்துவிடலாமா? கூடாது. அவர் செய்யும் கெடுதல் வேறு வகை. கேள்வியைப் பொய்யாக்க அவரால் முடியாது. ஆனால் கேள்வி கேட்பதையே ஜனங்கள் நம்பாமல் போகும்படி செய்துவிடுகிறார். நாளைக்கு நிஜமான அக்கறையோடு ஒருவர் எழுந்தாலும், 'இவனும் அவன்தான்' என்று நாம் சேனலை மாற்றிவிடுகிறோம்.

அதைவிடப் பெரிய கெடுதலும் உண்டு. கேட்காமலே இருப்பது.

நாடாளுமன்றத்தில் 'கில்லட்டின்' என்று ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியில் தலையை வெட்டிய இயந்திரத்தின் பெயர்தான். மானியக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்துவிட்டால், விவாதிக்காத கோரிக்கைகளை எல்லாம் மொத்தமாக ஓட்டுக்கு விட்டு முடித்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் வெட்டுத் தீர்மானங்களும் மொத்தமாகத் தோற்கும். நூறு ரூபாயும் போச்சு, கேள்வியும் போச்சு.

2013-ல் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. பி.ஜே.பி. எதிர்க்கட்சி. கூச்சல், வெளிநடப்பு. ஒரு துறையைக்கூட விவாதிக்காமல் மக்களவையில் மானியங்கள் நிறைவேறின. 2018-ல் பி.ஜே.பி. ஆட்சி. மறுபடி கூச்சல், மறுபடி கில்லட்டின். அந்த வருடம் அவையின் நடுவே நின்று குரல் கொடுத்தவர்களில் காவிரிக்காகப் போராடிய நம் தமிழ்நாட்டு எம்.பி.க்களும் உண்டு. காவிரி சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தொடரில் நம் ஊர் ரயில் பாதைக்கும் நம் ஊர்ச் சாலைக்கும் நூறு ரூபாய்க் கேள்வி கேட்கிற வாய்ப்பும் சேர்ந்து போனது. 2023-ல் எதிர்க்கட்சி ஒரு பக்கம், ஆளுங்கட்சியே இன்னொரு பக்கம் கூச்சல். 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டில், சாலைத் துறையின் சுமார் 2.70 லட்சம் கோடியும், ரயில்வேயின் மூலதனச் செலவுக்கான 2.40 லட்சம் கோடியும் துறைவாரியான விவாதம் இல்லாமலே மக்களவையைத் தாண்டின.

எங்கள் அபார்ட்மென்ட்டில் அறுபதாயிரம் ரூபாய்க்கு இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம்.

இந்த இடத்தில் எனக்கு சத்யேந்திர துபே ஞாபகத்துக்கு வருகிறார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் சிவில் படித்த இளம் இன்ஜினீயர். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் ஜார்க்கண்டில் வேலை பார்த்தார். வேலையில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு பல மேஜைகளுக்குப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறிக் கொலை என்றது சி.பி.ஐ. 2010-ல் மூன்று பேருக்குத் தண்டனை கிடைத்தது. கடிதத்துக்கும் கொலைக்கும் தொடர்பு என்று கோர்ட்டில் நிரூபணம் ஆகவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தை எழுதும்போது அவருக்கு பயம் இருந்தது, அதனால்தான் பெயரை மறைக்கச் சொன்னார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பாதுகாப்பு இல்லாத ஒருவர் பயந்துகொண்டே எழுதினார். எம்.பி.க்களுக்கு அரசியல் சட்டத்தின் 105-வது பிரிவு பாதுகாப்பு தருகிறது. அவையில் பேசியதற்காக அவர்கள்மேல் எந்தக் கோர்ட்டிலும் நடவடிக்கை எடுக்க முடியாது. துபேக்குக் கிடைக்காத கவசம் அது. அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் கூச்சல் மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அவர் வீணாக்குவது தன் நேரத்தை மட்டும் இல்லை.

நம் நாடாளுமன்றத்தை வடிவமைத்தவர்கள் மனிதர்களைப் பற்றி ஏமாந்தவர்கள் இல்லை. அரசின் செலவுக் கணக்கைத் துருவும் பொதுக் கணக்குக் குழு இருக்கிறதே, 1967 முதல் அதன் தலைவர் பதவியை எதிர்க்கட்சிக்குக் கொடுப்பது மரபு. அப்படி முதலில் வந்தவர் ராஜாஜி ஆரம்பித்த சுதந்திராக் கட்சியின் மினு மசானி. எதிர்க்கட்சிக்காரர்கள் உத்தமர்கள் என்பதாலா இந்த மரபு? இல்லை. ஆளுங்கட்சியின் தப்பைத் தேடுகிற ஆசை அவர்களுக்குத்தான் இருக்கும் என்பதால். கெட்ட எண்ணத்தையும் நல்ல வேலைக்குப் பூட்டுகிற ஏற்பாடு. வண்டி மாடு பக்தியால் வண்டி இழுக்கிறதா என்ன?

ஆகவே என் கட்சி இதுதான். கேட்பவரின் யோக்கியதையைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாருங்கள். தேர்தல் வரும்போது அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேள்விக்குப் பதில் வாங்கிய பிறகு பாருங்கள். வரிசையை மாற்றினால் இருவருமே தப்பித்துவிடுவார்கள். 'போன ஆட்சியில் மட்டும் என்ன?' என்று ஓர் அமைச்சர் சொன்னால், அது போன ஆட்சியைப் பற்றிய தகவல். இந்த ஆட்சியைப் பற்றிய பதில் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

நம் பக்கமும் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். நம் கட்சி ஆட்சியில் இருந்தால் சாலைப் பள்ளம் 'மழை சார், என்ன பண்றது' ஆகிவிடுகிறது. அடுத்த கட்சி வந்ததும் அதே பள்ளம் ஊழல் ஆகிவிடுகிறது. வண்டிச் சக்கரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அடுத்த முறை டி.வி.யில் ஒருவர் ஆவேசமாகக் கேட்கும்போது, 'இதையே என் கட்சிக்காரர் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பேனா?' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். 'ஆமாம்' என்று பதில் வந்தால், இப்போதும் அந்தக் கேள்விக்குக் காது கொடுத்தாக வேண்டும்.

எங்கள் அபார்ட்மென்ட் கதை பாதியில் நிற்கிறது.

பாட்டி வீட்டுக்குப் போய்வந்த ஞாயிற்றுக்கிழமையே அவசரக் கூட்டம் போட்டேன். மொட்டை மாடிக்கு வசூலானது இவ்வளவு, லிஃப்ட்டுக்கு எடுத்தது இவ்வளவு, கேட்காமல் எடுத்தது என் தப்பு என்று எழுதி வாசித்தேன். மெயின்டனன்ஸிலிருந்து மாதாமாதம் கொஞ்சமாகத் திருப்பிப் போட எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தை பிறந்ததும் மாடிக்குத் தளம் போட்டோம்.

அன்றைக்குப் பழைய செகரட்டரி அந்தப் பேப்பரை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தார். ''முந்நூத்து நாப்பது ரூபா இடிக்குது சார்'' என்றார்.

உதட்டு நுனி வரை அந்தப் பழைய வசனம் வந்தது. விழுங்கிவிட்டு நானும் கூட்டிப் பார்த்தேன்.

இடிக்கத்தான் செய்தது.